மஞ்சளுக்கு அடியில் சிவந்த கால்

முட்டி வீங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கும் என் வயதுக்காரர்களே, இதை உங்களிடம்தான் சொல்ல முடியும். சின்ன வயதுக்காரர்களிடம் வீக்கத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு மாத்திரையின் பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். வீக்கத்தைப் பார்த்தபடி ஒரு காலை நேரம் முழுக்க உட்கார்ந்திருக்க நமக்குத்தான் தெரியும்.

சிங்கப்பெருமாள் கோயில் என்கிற ஊரில் என் வீட்டு மாடி அறையில் நர்சிங் படிக்கிற பெண் ஒருத்தி வாடகைக்கு இருக்கிறாள். வீட்டுக்காரர் போன பிறகு, தலைக்கு மேல் ஒரு காலடிச் சத்தமாவது கேட்கட்டும் என்றுதான் அந்த அறையை விட்டேன். பரீட்சை நெருங்கினால் அவள் மொட்டை மாடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே சத்தமாகப் படிப்பாள். முதலில் இங்கிலீஷில் சொல்வாள், அப்புறம் மனதில் பதிய வேண்டும் என்று தமிழில் சொல்வாள். போன மாதம் நான் வடகம் பிழிந்துகொண்டிருந்தபோது அவள் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள். சிவப்பு, சூடு, வீக்கம், வலி, வேலை செய்ய முடியாமை. திரும்பவும் சிவப்பு, சூடு.

"இன்னாம்மா அது, அஞ்சையே சுத்திச் சுத்திச் சொல்லிகினு கீற?" என்று கேட்டேன்.

"அழற்சி ஆன்ட்டி. முள்ளு குத்தினா, அடிபட்டா, கிருமி உள்ள பூந்தா ஒடனே ஒடம்பு பண்றது. இது அஞ்சும் அதோட அடையாளம். எக்ஸாம்ல கண்டிப்பா கேப்பாங்க."

"அப்போ அது வியாதியா?"

"வியாதி இல்ல ஆன்ட்டி. வியாதிய வெரட்ட ஒடம்பு பண்ற வேல. நாமதான் வீங்கிப் போச்சேன்னு அலறுறோம்."

அவள் நடக்கப் போய்விட்டாள். பிழிகிற அச்சைப் பிடித்த என் கை அப்படியே நின்றுவிட்டது. அந்த ஐந்தும் ஒன்றன் பின் ஒன்றாக என் வலது காலில் வந்து இறங்கிய ஒரு கோடை இருந்தது. அப்போது அதைப் பார்க்க ஒருவரும் இல்லை.

நான் ஆறாவது முடித்திருந்தேன். அம்மா பிள்ளை உண்டாகி, ஏதோ சிக்கல் என்று செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். அப்பா கூடவே இருக்க வேண்டியிருந்தது. கருங்குழி வீட்டைப் பூட்டிவிட்டு, என்னை மகாபலிபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்தில் அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அத்தை அப்பாவுக்கு மூத்தவள். பிள்ளை இல்லை. அத்தை வீட்டுக்காரர் மீன் பிடிக்கிறவர் இல்லை. மீன் பிடிக்கிறவர்களுக்கு ஐஸ் விற்கிறவர்.

நீங்கள் ஐஸை ஃப்ரிஜ்ஜில்தான் பார்த்திருப்பீர்கள் இப்போது. அப்போது டெம்போவில் வரும், ஒரு ஆள் நீளத்துக்குப் பாளம் பாளமாக, உமி அப்பி, சாக்கு மூடி. இரும்புக் கொக்கியால் இழுத்துக் கொட்டகையில் தள்ளுவார்கள். சாக்குக்குள் போட்டு மரச் சம்மட்டியால் அடித்து நொறுக்கி, மீன் பெட்டிகளுக்குக் கூடை கூடையாக அள்ளிக் கொடுப்பார்கள். அந்தக் கொட்டகையில் ஈர உமி வாசனை எப்போதும் இருக்கும். அத்தையின் கை எந்நேரமும் சில்லென்று இருக்கும். அவள் தலைவாரிவிடும்போது கழுத்தில் விரல் பட்டால் எனக்கு உடம்பு கூசும்.

குப்பத்துப் பிள்ளைகள் என்னை ஐஸ் என்று கூப்பிட்டார்கள். நான் யாரோடும் பேசமாட்டேன். பேச வேண்டும் என்று தோன்றி, என்ன சொல்வது என்று யோசித்து முடிப்பதற்குள் அவர்கள் கடந்து போயிருப்பார்கள்.

"ஏ ஐஸு, வாயி ஒறஞ்சி பூட்ச்சா?" என்று ஒருவன் கேட்பான். மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

எனக்கு அங்கே பிடித்தது ஒன்றே ஒன்று. கரையில் பெரிய வலை இழுக்கிற நேரம். கயிறு கனக்கிறது என்று தெரிந்ததும் ஒரு ஆள் சத்தம் கொடுப்பார். அவ்வளவுதான், குப்பம் முழுக்க ஓடி வரும். சோற்றுக் கையோடு வருவார்கள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவார்கள். கூப்பிட்டவர் யார், எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. வந்து கயிற்றைப் பிடிப்பார்கள். நான் டீ கேனைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பேன். என்னை யாரும் பிடிக்கச் சொன்னதில்லை.

அப்படி ஒரு சாயங்காலம், டீ கேனோடு திரும்பும்போது கால் வைக்கக் கூடாத இடத்தில் வைத்துவிட்டேன். வலையில் கெளுத்தி மீன் விழுந்தால் அதன் முதுகு முள்ளையும் பக்க முள்ளையும் முதலில் உடைத்துப் போட்டுவிடுவார்கள். ரம்பம் மாதிரிப் பல் வைத்த முள் அது, குத்தினால் கடுக்கும். உடைத்த முள்ளை எங்கே போடுவார்கள் என்று குப்பத்தில் தவழ்கிற குழந்தைக்கும் தெரியும். உள்ளூர்க்காரர்கள் எல்லாரும் சுற்றிக்கொண்டு போகிற இடத்தில் நான் நேராக நடந்தேன்.

நெருப்பை மிதித்த மாதிரி இருந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். முள்ளைப் பிடுங்கினேன். வந்தது பாதிதான் என்று அப்போது தெரியவில்லை. ரத்தம் கொட்டியது. யாராவது பார்த்தால் சிரிப்பார்களே என்று காலை மடித்து அடியில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

மீன் கூடையோடு போன ஒரு அம்மா நின்று பார்த்தார். "இன்னாடி ஐஸு, கரைல குந்திகினு தவம் பண்றியா?"

தலையை ஆட்டினேன். அவர் போன பிறகு கடல் தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டு, குதிகாலால் நடந்து வீட்டுக்குப் போனேன். பாவாடையின் பின்பக்கம் முழுக்க ரத்தத்தில் நனைந்திருந்தது எனக்குத் தெரியாது.

அத்தை வாசலில் சாக்கு உதறிக்கொண்டிருந்தாள். நான் தாண்டிப் போனதும் சாக்கைக் கீழே போட்டுவிட்டாள்.

"நில்லுடி. திரும்பு."

திரும்பினேன்.

"எப்பலேந்துடி?"

"கால்ல முள்ளு குத்திச்சி அத்த."

"முள்ளு குத்தினா பாவாட பின்னால ஆவுமா?"

நான் காலைத் தூக்கிக் காட்டினேன். கடல் தண்ணீரில் கழுவி, மணல் ஒட்டி, வாய் மூடிப்போயிருந்தது. ஒரு சின்ன கரும்புள்ளி தெரிந்தது, எறும்பு கடித்த மாதிரி. அத்தை அதைப் பார்த்தாள், பாவாடையைப் பார்த்தாள், பக்கத்து வீட்டு மீன்காரம்மாவைக் கூப்பிட்டாள். நாலு பெண்களைப் பெற்றவர் அவர். ஒரு பார்வை பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"முள்ளாம்! எவளாச்சும் நேராச் சொல்லிக்கீறாளா? எங்க மூத்தது மரத்துலேந்து வுயுந்துட்டேன்னுச்சி. நம்மூர்ல ஏறத் தென்ன மரந்தான் கீது!"

"நெஜமா முள்ளுதான்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"பாரேன், இன்னா வெக்கம்" என்று சொல்லி அத்தை என் கன்னத்தைத் தொட வந்து, கையை இழுத்துக்கொண்டாள். இனிமேல் என்னைத் தொடக்கூடாது என்பது அவளுக்கு நினைவு வந்துவிட்டது. நான் வயசுக்கு வந்துவிட்டேன் என்று முடிவாகிவிட்டது.

மறுநாள் காலை தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். எங்கள் பக்கம் அதை முதலில் செய்கிற உரிமை அத்தைக்குத்தான். அந்த வீட்டுக்குள் ஐஸ் வாங்க அல்லாமல் வேறெதற்கும் வராத பெண்கள் அன்று வந்தார்கள். வெற்றிலைத் தட்டு வைத்து உட்கார்ந்தார்கள். கால் அதற்குள் கொஞ்சம் உப்பியிருந்தது, புள்ளியைச் சுற்றிச் சிவந்திருந்தது. தண்ணீர் ஊற்றி மஞ்சள் பூசுகிற நேரம் மட்டும் என்னைத் தொடலாம். ஒருத்தி முகத்துக்கு மஞ்சள் பூச, ஒருத்தி கைக்குப் பூச, இன்னொருத்தி என் இரண்டு பாதத்திலும் அப்பி அழுத்தித் தேய்த்தாள். நான் கத்திவிட்டேன்.

"யம்மாடி, அத்தக்காரி வூட்டு ஐஸு கூட சவுண்டு வுடுது!" என்றாள் அவள். எல்லாரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பற்றி நான் இப்போதுதான் யோசிக்கிறேன். அதுவரை அத்தை பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததில்லை. குப்பத்தில் அவளும் வெளியூர்க்காரி. மடியில் பிள்ளை இல்லாதவள் என்று நல்ல காரியங்களில் அவளை முன்னால் விடமாட்டார்கள். வளைகாப்பென்றால் ஐஸ் போட்ட சர்பத்துக்கு ஐஸ் மட்டும் அவள் வீட்டிலிருந்து போகும். இப்போது ஒரு நல்ல காரியம் தானாக அவள் வாசலில் வந்து நின்றிருக்கிறது. அதைப் போய் முள் என்று சொன்னால் எப்படி நம்புவாள்? நம்ப அவளுக்கு மனது வருமா?

பாதம் முழுக்க மஞ்சள் காய்ந்து மூடியிருந்தது. அதற்கு அடியில் சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது ஒருவருக்கும் தெரியவில்லை.

பெண்ணுக்குத் தாய்மாமன் வந்து பச்சைத் தென்னோலையில் குச்சு கட்டித் தர வேண்டும். சடங்கு செய்கிற நாள் வரை பெண் அதற்குள்தான் இருக்க வேண்டும். கருங்குழியில் இருந்த என் தாய்மாமனுக்கு ஐஸ் டெம்போக்காரர் மூலமாகச் சொல்லி அனுப்பினார்கள். டெம்போ அந்தப் பக்கம் எப்போது போகும் என்று டெம்போவுக்கே தெரியாது. அவர் வருகிற வரைக்கும் என்னைக் கொட்டகைக்குப் பின்னால், காலிப் பெட்டியும் உமி மூட்டையும் போட்டு வைக்கிற சாய்ப்பில் உட்கார வைத்தார்கள். காத்துக் கருப்பு அண்டக்கூடாது என்று வாசலுக்குக் குறுக்கே உலக்கை போட வேண்டும். அத்தை வீட்டில் உலக்கை இல்லை. ஐஸ் பாளம் பிளக்கிற கடப்பாரையைப் போட்டார்கள். எனக்குத் தனிப் பாய், தனித் தட்டு, ஒரு அலுமினிய டம்ளர். தட்டைக் கடப்பாரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குச்சியால் தள்ளிவிடுவார்கள். உளுந்தங்களி, நடுவில் குழி, குழியில் நல்லெண்ணெய். காலையில் பச்சை முட்டை.

அங்கே உட்கார்ந்துகொண்டு நான் என் காலைப் பார்த்தேன். பார்க்க வேறொன்றும் இல்லை.

முதலில் சூடு. டம்ளரில் மீந்த தண்ணீரைக் காலில் விட்டால் ஆவி வரும் போலிருந்தது. பிறகு வீக்கம். விரல்களுக்கு நடுவே இருந்த இடைவெளி மறைந்தது. கணுக்கால் எலும்பு எங்கே என்று தெரியவில்லை. தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு, மஞ்சள் பொருக்குப் பொருக்காக வெடித்தது. வெடித்த இடத்தில் உள்ளே சிவப்பு தெரிந்தது. நாடி துடிக்கிறபோதெல்லாம் கால் துடித்தது. ஊன்றினால் உயிர் போயிற்று. மாடிப் பெண் சொல்கிற ஐந்தாவது அதுதான், வேலை செய்ய முடியாமை. வலிக்க வைத்து, அந்த இடத்தை அசைக்காதே என்று உடம்பு நம்மை உட்கார வைக்கிறதாம்.

"வீக்கம் எதுனாலம்மா?" என்று அவளைக் கேட்டேன், போன மாதம் அதே நாள் சாயங்காலம்.

அவள் மாடிப்படியில் உட்கார்ந்து, சந்தோஷமாகச் சொன்னாள். பரீட்சைக்கு முன்னால் கேட்க ஒரு ஆள் கிடைத்ததில் அவளுக்குச் சந்தோஷம்.

"தோலுக்கு அடில எப்பவும் காவல் இருக்கும் ஆன்ட்டி. முள்ளு பூந்ததும், கூட கிருமி வந்ததும் அதுங்க ஒரு ரசாயனத்த வுடும். ஆபத்துன்னு சத்தம் குடுக்கிற மாதிரி. ஒடனே அங்க இருக்கிற சின்னச் சின்ன ரத்தக் கொழாயெல்லாம் அகலமாயிடும். ரத்தம் ஜாஸ்தியா வரும். அதான் செவப்பு, அதான் சூடு."

"வீக்கம்?"

"கொழாயோட செவுரு இறுக்கமா இருக்குமில்ல, அது கொஞ்சம் நெகிழ்ந்து சந்து வுடும். தண்ணி மாதிரி ஒண்ணு கசிஞ்சி வெளிய வரும், கிருமியோட சண்ட போடறதுக்கு சாமானோட. அது தேங்கி வீங்குது. ரத்தத்துல ஓடிகினு இருக்கிற வெள்ளணுங்க அந்த எடம் வந்ததும் வேகத்தக் கொறச்சி, செவுத்துல ஒட்டி, உருண்டு, அந்தச் சந்துல பூந்து வெளிய வரும். கிருமி இருக்கிற எடத்த மோப்பம் புடிச்சிப் போயி முழுங்கும். முழுங்கிட்டு அதுவும் செத்துடும். அந்தச் செத்ததுதான் சீழு."

"எத்தினி வரும்?"

"ஐயோ, கூட்டம் கூட்டமா ஆன்ட்டி. எண்ணவே முடியாது."

அன்று ராத்திரி சாப்பிடும்போது எனக்கு அந்தக் கரைதான் நினைவில் இருந்தது. ஒருவர் சத்தம் கொடுக்க, கேள்வி கேட்காமல் ஓடி வந்து கயிறு பிடிக்கிற கூட்டம். சாய்ப்பில் நான் ஒருத்தி, குச்சியால் தள்ளிய தட்டு, யாரும் தொடாத உடம்பு என்று கிடந்தேனே, அப்போது என் காலுக்குள் அப்படி ஒரு கூட்டம் எனக்காக ஓடி வந்திருக்கிறது. ஒரு சின்னப் பெண்ணின் பாதத்தில் அவ்வளவு ஆரவாரம். அது அப்போது தெரிந்திருந்தால் கொஞ்சம் துணையாக இருந்திருக்கும்.

காய்ச்சலும் வந்தது. மூளையே சூட்டைக் கூட்டி வைக்குமாம், கிருமிக்குத் தோதுப்படாமல் இருக்க. அடித்தொடையில் நெறி கட்டியது. கால் புண்ணுக்கு நெறி கட்டும் என்பது நம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அத்தைக்கும் தெரியாமல் இல்லை. ஆனால் அவளிடம் எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் இருந்தது.

"அத்த, ஒடம்பு சுடுது."

கடப்பாரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வளையல் கோத்துக்கொண்டிருந்தாள். "சுடுந்தான்டி. ஒடம்பு மாறுது இல்ல?"

"கால் வலிக்குது."

"கால் கை எல்லாம் கொடையும். களி துண்ணு, சரியாப்பூடும். துண்ணாம அப்டியே வச்சிகீற."

"நெறி கட்டிகினு கீது."

"அடிவயிறு வலி அது. மொதல்ல அப்டித்தான் இருக்கும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "அரக்குக் கலர்ல பாவாட எடுத்துகீறேன்டி உனக்கு. மீன்காரம்மா பாத்துட்டு, எம் பொண்ணுங்களுக்குக் கூட இப்டி எடுக்கலன்னுச்சி. தெருவுல எல்லாருக்கும் சொல்லியாச்சி. உங்கம்மாவுக்குச் சொல்லல. படுத்துகினு கீறவ, பேஜாராயிடும்."

ஏன் கத்தி ஊரைக் கூட்டவில்லை என்று நீங்கள் கேட்கலாம். கூச்சமுள்ளவர்களுக்கு அது தெரியும். ஒரு விஷயத்தை ஒரு தடவை சொல்லலாம். பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாவது தடவையும் சொல்லலாம். இரண்டு தடவையும் சிரித்துவிட்டார்கள் என்றால், மூன்றாவது தடவைக்கு வாயே திறக்காது. தப்பு நம்மிடம்தான் இருக்கும், எல்லாருக்கும் இப்படித்தான் கால் வீங்கும் போலிருக்கிறது என்று நாமே நினைத்துக்கொள்வோம். நான் அப்படித்தான் நினைத்தேன். வயசுக்கு வருவதென்றால் வலது கால் வீங்குவது என்றுதான் நினைத்தேன்.

கொட்டகைச் சுவருக்கு அடியில் ஒரு பொந்து இருந்தது. அதன் வழியாக ஐஸ் உருகின தண்ணீர் சாய்ப்புக்குள் ஓடும். பாயை அங்கே இழுத்துப் போட்டுக்கொண்டு, காலை அந்த ஓடையில் வைத்துக்கொள்வேன். வைத்த கொஞ்ச நேரம் துடிப்பு அடங்கும். உமி வந்து பாதத்தில் ஒட்டும். அந்தப் பக்கம் சம்மட்டிச் சத்தம், அத்தை யாரிடமோ பேசிச் சிரிக்கிற சத்தம், இன்னும் தள்ளி அலைச் சத்தம். எல்லாம் அந்தப் பக்கம்.

சிவப்பு கணுக்காலைத் தாண்டி மேலே ஏறினபோதுதான் மாமா வந்தார்.

தாய்மாமன் எங்கள் அம்மாவுக்கு இளையவர். கருங்குழியில் பயிர் வைத்துக்கொண்டு, ஒரு மினி லாரியும் ஓட்டிக்கொண்டிருந்தார். சத்தமாகப் பேசுவார். பச்சை ஓலைக் கட்டைத் தொப்பென்று போடுகிற சத்தம் கேட்டது. சடங்கு முடிகிற வரை ஆம்பிளைகள் பெண்ணைப் பார்க்கக்கூடாது. அதனால் சாய்ப்பு வாசலை மறைத்து முதல் கீற்றைக் கட்டிவிட்டு, அதன் பின்னால் நின்றுகொண்டு மற்றதை முடைந்தார்.

"இன்னாடி, பெரிய மனுசி ஆயிட்டியாமே! மாமன் வந்துகீறேன், சத்தத்தையே காணோம்?"

அவர் இன்னொரு ஓலையை உருவினார்.

"மச்சான் கேட்டாரு, உங்கப்பன். பொண்ணு எப்டி கீதுன்னு. இன்னான்னு சொல்ல? ஊமையாயிடிச்சின்னு சொல்லட்டா?"

பச்சை ஓலையின் வாசனை உள்ளே வந்தது. கீற்றுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. அவருடைய செருப்பு தெரிந்தது. வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. பாயோடு நகர்ந்து நகர்ந்து போய், அந்த இடைவெளியில் என் வலது காலை வெளியே நீட்டினேன்.

முடைகிற சத்தம் நின்றுவிட்டது.

"அண்ணி" என்று கூப்பிட்டார். அவர் குரல் அவ்வளவு மெதுவாக வந்து நான் கேட்டதே இல்லை. "அண்ணி, இங்க வா."

"தம்பி, அந்தப் பக்கம் பாக்காத நீ!" அத்தை ஓடி வருவது கேட்டது.

"மூஞ்சியப் பாக்கல. கால் இது. இது இன்னா அண்ணி, கால் மாரியா கீது?"

அத்தையின் காலடி நின்றது. பிறகு அந்தக் கீற்றை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு, கடப்பாரையைத் தாண்டி உள்ளே வந்தாள். உட்கார்ந்தாள். ஐஸ் அள்ளின கையை அப்படியே என் பாதத்தின் மேல் வைத்தாள். அந்தக் கைக்கு என் கால் எப்படிக் கொதித்திருக்கும்! வெடுக்கென்று எடுத்துவிட்டு, மறுபடி வைத்தாள். முந்தானையைத் தண்ணீரில் நனைத்து மஞ்சளைத் துடைத்தாள். அடியிலிருந்து கருஞ்சிவப்பாக வந்தது. உள்ளங்காலில் அந்தப் புள்ளி இருந்த இடம் மஞ்சளும் வெள்ளையுமாகப் புடைத்திருந்தது.

"சொன்னியேடி" என்றாள். "நீ சொன்னியேடி எங்கிட்ட."

ஐஸ் டெம்போவிலேயே கொண்டுபோனார்கள். திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு வரைக்கும் என் கால் அத்தையின் மடியில் இருந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள்தான் அலறினாள். ஆஸ்பத்திரியில் கீறிவிட்டார்கள். ஒரு கிண்ணம் சீழும், அதற்கு நடுவில் பல் வைத்த முள் துண்டும் வந்தன. டாக்டர் அத்தையைப் பார்த்து, "இத்தனை நாள் ஏம்மா காட்டல? இன்னும் விட்டிருந்தா விரலெல்லாம் போயிருக்கும்" என்றார். நான் சடங்குக்கு உட்கார்ந்த கதையை அவரிடம் சொல்ல அத்தைக்கு வாய் வரவில்லை. அம்மா அதே ஆஸ்பத்திரியில் வேறொரு கட்டடத்தில் படுத்திருந்தாள். எனக்கு அது தெரியும். நான் இங்கே இருப்பது அவளுக்குத் தெரியாது.

கீறின பிறகு கால் வற்றியது. வற்றுவதும் உடம்பு பார்க்கிற வேலைதானாம். வந்த கூட்டத்தைப் போதும் என்று நிறுத்த வேறு ரசாயனம் உண்டாம். பெரிய அணுக்கள் வந்து செத்ததையெல்லாம் தின்று இடத்தைச் சுத்தம் செய்யுமாம். பிறகுதான் தோல் கூடுமாம். "நிறுத்தறதுக்குத் தெரியலன்னாதான் ஆன்ட்டி கஷ்டம். எதிரியே இல்லாத எடத்துல சண்ட ஓடிகினே இருக்கும்" என்று மாடிப் பெண் என் முட்டியைப் பார்த்துச் சொன்னாள். நம் முட்டிகளின் கதை அது.

குப்பத்தில் அத்தையின் கதையும் அப்படித்தான் ஆயிற்று. ஐஸ்காரம்மா கெளுத்தி முள்ளுக்கு மஞ்சத் தண்ணி ஊத்திச்சி என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் சொன்னார்கள். ஐஸ் வாங்க வருகிறவர்கள் காலைத் தூக்கிக் காட்டி, "அக்கா, இதுக்கு எப்ப சடங்கு?" என்று கேட்பார்களாம். அது நிற்கவே இல்லை. அரக்குப் பாவாடையை அவள் யாருக்குக் கொடுத்தாள் என்று தெரியாது. கருங்குழிக்கு வருவதையே விட்டுவிட்டாள். அம்மாவுக்கு அந்தப் பிரசவத்தில் பிறந்த தம்பிக்குப் பேர் வைக்கும்போதும் வரவில்லை.

பிறகு, நான் எட்டாவது படிக்கும்போது, உண்மையிலேயே வயசுக்கு வந்தேன். மாமா மறுபடி ஓலை கொண்டுவந்து, எங்கள் வீட்டுப் பின்பக்கம் குச்சு கட்டினார். முறை என்று ஒன்று இருக்கிறதே, அத்தைக்குச் சொல்லி அனுப்பினார்கள். வருவாள் என்று யாரும் நினைக்கவில்லை. தண்ணீரைச் சித்தி ஊற்றிவிட்டாள்.

நான் குச்சுக்குள் தனியாக இருந்தேன். மத்தியானம் வெளியே பேச்சு சட்டென்று நின்றது. யாரோ ஒருத்தி, "வா அண்ணி, இந்தவாட்டி நல்லாப் பாத்துக்கினுதான் ஊத்தினோம்" என்றாள். அடக்க முடியாத சிரிப்பு ஒன்று கிளம்பி நாலைந்து பேரிடம் பரவியது.

கீற்று விலகியது. அத்தை குனிந்து உள்ளே வந்தாள். பஸ்ஸில் வந்த களைப்போடு, பையை இறக்காமலே உட்கார்ந்தாள். என்னை எப்படி இருக்கிறாய் என்றும் கேட்கவில்லை. என் வலது காலைப் பிடித்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளங்காலை அழுத்தினாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். மஞ்சளை எச்சில் தொட்டுத் துடைத்து, அடியில் தோல் என்ன நிறம் என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். புறங்கையைக் கணுக்காலில் வைத்தாள். பிறகு இடது கால். பிறகு நெற்றி.

"இன்னா அண்ணி இது!" வெளியிலிருந்து அம்மா பதறினாள். "தொட்டுட்டீங்களே! ஒம்பதாம் நாள் வரைக்கும் ஆவாதே, தலைக்குக் குளிச்சிட்டு வாங்க."

"தொட்டாச்சி" என்றாள் அத்தை. "இனிமே எங்கப் போறது? எனக்கும் ஒரு தட்டு இங்கியே தள்ளு."

வெளியே இன்னும் ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். அம்மா இரண்டு தட்டுகளைத் தள்ளினாள். அத்தை என் காலை மடியிலிருந்து எடுக்காமலே ஒரு கையால் சாப்பிட்டாள். நானும் சாப்பிட்டேன்.